ஏழு என்று வந்த தாள்

பாயன்ஹோஷூ மேட்டில் லாரி ஏறும்போது
விடிந்திருக்காது.
கீழே உலான்பாத்தர் இருக்கிறது, அது எனக்குத் தெரியும்.
கண்ணுக்குத் தெரிவது புகை.
பின்னால் என் சுமை, கரிக்கட்டி.
இந்தப் புகையில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டால்
மூட்டைக் கணக்கில் சொல்லிவிடுவேன்.

மகள் அனுங்கூ. ஒன்பது வயது.
அக்டோபரிலிருந்து தலைவலி.
எங்கே என்றால்
தொப்பியைக் கழற்றாமலே
இரண்டு நெற்றிப்பொட்டையும் தொட்டுக் காட்டுவாள்.
வகுப்பில் மேசைமேல் கவிழ்ந்தபடி
எட்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தாளாம்.
ஆசிரியை திட்டவில்லை.
சீட்டெழுதி அனுப்பியிருந்தார்.

முன்க்சூல் முதலில் போனைக் குற்றம் சொன்னாள்,
பிறகு தூக்கத்தை,
பிறகு என்னை, என் சிகரெட்டை.
ஒவ்வொன்றாய் நிறுத்திப் பார்த்தோம்.
வலி நிற்கவில்லை.
சிகரெட் நின்றது,
அதுவும் பதினோரு நாள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் முழங்கை மடிப்பில் ஊசி.
அழவில்லை. குழாயில் ஏறுவதைப் பார்த்து
"என் ரத்தம் இவ்வளவு கறுப்பா?" என்றாள்.
நான் என் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

டாக்டர் பெயர் சரந்துயா,
எங்கள் மொழியில் நிலவொளி.
நிலவொளி எங்களுக்கு வெயிலைப் பற்றிப் பேசியது.
தாளை என் பக்கம் திருப்பி வைத்து
விரலால் காட்டினார்:
வைட்டமின் டி, ஏழு.
இருபதாவது வேண்டுமாம், முப்பது இருந்தால் நல்லதாம்.
எனக்கு டீசல் முள் ஞாபகம் வந்தது.
ஏழில் இந்த மேடு ஏறாது.

"உடம்பில் வெயில் படணும்."
சிரித்துவிட்டேன்.
நீல வானத்து நாடு என்று
வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறோம்.
மைனஸ் முப்பதில்
கண் மட்டும் தெரியப் பொத்தி அனுப்புகிற பிள்ளைக்கு
வெயில் எங்கே படும், இமையிலா?
"ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன்" என்றாள் முன்க்சூல்.
கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், இதை விடாது.
வெளியே நிறுத்தினாலும்
சூரியன் சாய்ந்து போகிற மாதங்களில் கிடைப்பது சொற்பம்.
"அப்புறம் எதுக்கு வெயில்னு சொன்னீங்க?"
"மே மாசத்துக்குச் சொன்னேன்."

இதுதான் காரணமா?
எந்தச் சத்தம் எந்தப் பல்சக்கரத்தில் என்று தெரியாமல்
எனக்குத் தூக்கம் வராது.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
தலை வலிக்கிற பிள்ளைகள் பலருக்கு இது குறைவு.
வலிக்காத பிள்ளைகள் பலருக்கும்
இந்த ஊரில் இது குறைவுதான்.
"ரெண்டும் கூடவே நடக்குது.
எது எதைக் கூட்டிட்டு வருதுன்னு
என்னால் சத்தியம் பண்ண முடியாது.
சொட்டு மருந்து கொடுங்க.
அடுப்புக் குழாயைப் பாருங்க,
அடைச்சிருந்தா அதுவும் தலையைப் பிடிக்கும்.
வலிக்கிற நாளைக் குறிச்சு வைங்க."

வங்கி கொடுத்த காலண்டரில் அனுங்கூ ஆடு வரைந்தாள்.
வலித்த நாளுக்குப் படுத்த ஆடு,
வலிக்காத நாளுக்கு நிற்கிற ஆடு.
ஜனவரியில் இருபத்திரண்டு படுத்திருந்தன.
குழாயைப் பிரித்தேன், அரைவாளி கரி.
பிப்ரவரியில் பதினாறு.
சொட்டு கசக்கிறது என்று
ஆட்டுக்கறி சூப்பில் கலந்து தரச் சொன்னாள்.
மார்ச்சில் ஒன்பது.
பிறகு நான்கு கட்டம் காலி.
"ஏன் வரையலை?"
"மறந்துட்டேன்."
அந்த நான்கையும் எதில் சேர்ப்பது என்று
முன்க்சூலும் நானும் ராத்திரி வெகுநேரம் பேசினோம்.

ஏப்ரலில் என் வருமானம் பாதியானது.
குளிர் விட்டால் கரி யார் வாங்குவார்கள்?
புகையும் பாதியாகி
நகரம் தன் கூரைகளோடு வெளியே வந்தது.
சொட்டு வேலை செய்ததா, குழாயா,
நான் கொண்டுவராத மூட்டைகளா,
யாரைக் கேட்க?

காலி லாரியில் ஒருநாள் அவளை ஏற்றிக்கொண்டு
மேட்டில் நிறுத்தினேன்.
காற்று இன்னும் கடித்தது.
பானெட்மேல் உட்கார்ந்து
தொப்பியைக் கழற்றினாள், சட்டைக்கையைச் சுருட்டினாள்.
சோளமாவு மாதிரி வெளுத்த முழங்கை.
"அப்பா, இப்ப ஏறுதா?"
"மெதுவா."
"முள் எங்கே இருக்கு?"
தெரியாது என்றேன்.
மற்றக் கையையும் சுருட்டிவிடச் சொல்லி
நீட்டினாள்.